தோட்டங்களுக்குள் நிற்கும் பழங்காட்டுக்கு ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைத் தோட்டங்கள் நட்டத்தில் ஓடுவதையும், அவற்றுள் சில கைமாறுவதையும், வேறு சில தேயிலையை விட்டுச் சுற்றுலா விடுதிகளை நோக்கித் திரும்புவதையும் பற்றித் தங்கள் நாளிதழ் அவ்வப்போது செய்தி வெளியிட்டு வருகிறது. தொழிலாளர்களின் நிலுவைத் தொகை, பசுந்தேயிலை விலை, மூடப்பட்ட ஆலைகள் ஆகியவை அச்செய்திகளில் முதலிடம் பெறுவது நியாயமே. ஆனால் ஒரு தோட்டம் விற்கப்படும்போது, தேயிலைச் செடிகளோடும் ஆலையோடும் லயன் வீடுகளோடும் சேர்ந்து இன்னொன்றும் விலைபோகிறது: அத்தோட்டத்தின் எல்லைக்குள் ஆங்காங்கே எஞ்சி நிற்கும் பழைய மழைக்காடு. அதன் பரப்பு எவ்வளவு, அது எந்தப் புல எண்ணில் வருகிறது, புதிய உரிமையாளர் அதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று கேட்டு ஒரு சாதாரணக் குடிமகன் புறப்பட்டால், வருவாய்த் துறைக்கும் வனத் துறைக்கும் இடையே நடப்பதிலேயே அவருடைய காலம் கழிந்துவிடும். இக்கடிதத்தின் நோக்கம் அந்தப் பதிவேட்டைக் கேட்பதும், காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் உரிமையாளருக்கு அரசு என்ன தரப்போகிறது என்று கேட்பதும் ஆகும். இவ்விரண்டும் சேர்ந்து நடந்தால்தான் பயனுண்டு என்பது என் கருத்து.

வால்பாறையை எடுத்துக்கொள்கிறேன், தோட்டத்தில் களப்பணி மேற்பார்வையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த மலை அதுதான். ஆனைமலையின் நடுவே சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பீடபூமியில், 1890-களில் தொடங்கிச் சில பத்தாண்டுகளுக்குள் மழைக்காடு பெரும்பகுதி திருத்தப்பட்டு, முதலில் காப்பியும் பின்னர் தேயிலையும் நடப்பட்டன. சுற்றிலும் இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். நடுவிலுள்ள தோட்டங்களுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட காட்டுத் துண்டுகள் இன்றும் நிற்கின்றன. சில ஓரிரு ஏக்கர் அளவே உள்ளவை. சில நூறு ஏக்கரைத் தாண்டியவை. அவை தப்பியதற்குக் காரணம் பெரும்பாலும் அன்றைய துரைமார்களின் இயற்கைப் பற்று அல்ல. செடி நட முடியாத செங்குத்துச் சரிவு, பாறை, ஓடை தோன்றும் இடம், ஏலக்காய்க்கு நிழல், ஆலைக்கு விறகு என்று ஏதாவது ஒரு காரணத்திற்காக ஒதுக்கப்பட்டவை, அப்படியே நின்றுவிட்டன.

நின்றவற்றின் மதிப்பை அறிய ஒரே ஒரு மரத்தைப் பார்த்தால் போதும். வெடிப்பலா என்று நம் பக்கத்தில் சொல்லும் மரம், கிளையின் பட்டையிலேயே கொத்துக்கொத்தாகப் பூக்கும். மற்றப் பழங்கள் அருகிப்போகும் வறட்சி மாதங்களில் சிங்கவால் குரங்கும் மலையணிலும் வௌவாலும் அந்தப் பூவின் சதைப்பற்றான பகுதியை நம்பியிருக்கின்றன. பின்னர் அது முள் நிறைந்த காயாகிறது. அதன் விதையையும் குரங்குகள் பிளந்து உண்கின்றன. விதை நிழலில் முளைத்து, நிழலிலேயே பல ஆண்டுகள் குச்சியாக நின்று, மேலே ஒரு பெருமரம் விழுந்து வெளிச்சம் இறங்கும்போதுதான் நிமிர்கிறது. இருவாச்சிப் பறவையோ மிகப் பருத்த பழைய மரத்தின் பொந்தைத் தேடுகிறது. பெண் பறவை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, சிறு பிளவு வழியாக ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் ஊட்டுகிறது. ஒரு முறை பயன்படுத்திய பொந்துக்கு அடுத்தடுத்த ஆண்டுகளிலும் திரும்பி வருகிறது. அத்தகைய பொந்துள்ள மரம் இன்று நட்ட கன்றிலிருந்து நம் பேரப் பிள்ளைகளின் காலத்திலும் கிடைக்காது. பாலி, கருங்குங்கிலியம், நாங்கு, காட்டு ஜாதிக்காய், வெள்ளை அகில் என்று மற்ற மரங்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. எனவே பழங்காட்டை வெட்டிவிட்டு அதற்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடுவோம் என்று யார் சொன்னாலும், எத்தனை இலட்சம் கன்றுகள் என்று சொன்னாலும், அந்தக் கணக்கு சரிவராது.

இந்தத் துண்டுகளில் ஊடும் பாவுமாக ஓடும் ஓடைகள் தோட்டப் பாடிகளுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்புகளுக்கு, குடிநீர் தருகின்றன என்பது மலைமீது வாழ்வோருக்குத் தெரியும். அவை கீழே இறங்கி நீராறு, சோலையாறு வழியாகப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்திற்குள் போய்ச் சேர்கின்றன என்பதைச் சமவெளியில் பாசனம் பெறும் பொள்ளாச்சி, உடுமலை விவசாயிகளும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, இக்காடுகளுக்கு நேரும் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடரியும் இரம்பமும் கொண்டு ஒரே இரவில் காட்டை மொட்டையடிப்பது இன்று எளிதல்ல. அதிகம் நடப்பது வேறொன்று. பெருமரங்களை அப்படியே விட்டுவிட்டு, அவற்றின் அடியில் காப்பியோ ஏலமோ போடுகிறார்கள். அதற்காக ஆண்டுதோறும் ஆட்களை இறக்கி அடிக்காட்டைச் சுத்தம் செய்கிறார்கள். கத்தி பிடித்த தொழிலாளிக்கு ரோபஸ்டா காப்பிக் கன்று தெரியும். அதன் பக்கத்தில் விரலளவு நிற்கும் வெடிப்பலாக் கன்று களையாகத்தான் தெரியும். அப்படித்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் காடு செழித்து நிற்பதாகவே தோன்றும். உள்ளே போய் நின்று பார்த்தால் தாத்தா மரங்கள் இருக்கும், பேரன் மரங்கள் இருக்க மாட்டா. காற்றில் ஒரு பெருமரம் சாயும்போது அவ்விடத்தில் சில்வர் ஓக்கை நடுவார்கள். இல்லையேல் நிழலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மேசாப்சிஸ் மரம் தானாகவே முளைத்துக்கொள்ளும். விளிம்புகளில் உண்ணிச்செடி ஏறும். பராமரிப்புக் கைவிடப்பட்ட இடங்களில்கூடக் காப்பி விலங்குகளின் வயிற்றின் வழியே காட்டின் உட்பகுதி வரை பரவிவிடுகிறது. வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டம் காட்டில் இவை யாவற்றையும் ஒருசேரக் காணலாம். அங்குள்ள சிங்கவால் குரங்குகள் தரையிறங்கிச் சாலையைக் கடப்பதும், வீடுகளின் சமையலறை வரை வருவதும், அவற்றுக்காகச் சாலையின் மேலே தொங்குபாலங்கள் கட்டப்பட்டிருப்பதும் பலரும் அறிந்தவை. ஒரு மரத்தையும் வெட்டாமலேயே ஒரு காட்டை அறுபது எழுபது ஆண்டுகளில் இல்லாமல் ஆக்க முடியும்; மரம் வெட்டுவதை மட்டுமே குற்றமாகக் கருதும் பார்வைக்கு அது புலப்படுவதே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக இங்குள்ள தோட்ட நிறுவனங்களோடு பேசி, உண்ணிச்செடியை அகற்றி, நாட்டு மரங்களின் விதைகளைப் பொறுக்கி நாற்றங்கால் போட்டு, சிதைந்த துண்டுகளில் நட்டு வருகிறார்கள். சில நிறுவனங்கள் தம் நிலத்திலுள்ள காட்டைப் பாதுகாக்க எழுத்துமூலமாகவே உடன்பட்டிருக்கின்றன. தனியார் நிலத்தில் காடு பிழைக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் அந்த உடன்பாடுகள் ஒரு நிர்வாகத்தின் நல்லெண்ணத்தில் நிற்பவை. மேலாளர் மாறினால் தளர்கின்றன. உரிமையாளரே மாறினால் என்னவாகும் என்று யாரும் உறுதி தர முடியாது. நல்ல மனம் படைத்தவர் வாங்குவார் என்ற நம்பிக்கையில் ஒரு மழைக்காட்டை விட்டுவைப்பது பொறுப்பான செயலாகாது.

சட்டம் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது, அதுவும் பழைய சட்டம். ஜமீன்தாரி முறை ஒழிக்கப்பட்ட காலத்தில், நிலம் கையைவிட்டுப் போவதற்கு முன் மரங்களை விற்றுக் காசாக்கிவிட வேண்டும் என்று நில உடைமையாளர்கள் முனைந்ததைத் தடுக்க, 1949-இல் சென்னை மாகாணத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் வரம்புக்குள் வரும் காட்டை முன் அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. மரம் வெட்டக் கூடாது. காட்டைக் காடாக இல்லாமல் ஆக்கக்கூடிய எச்செயலும் கூடாது. இந்தக் கடைசிப் பகுதியைக் கவனிக்க வேண்டும். அடிக்காட்டை ஆண்டுக்கு ஆண்டு அழிப்பதும் அதற்குள் அடங்கும் என்றே நான் கருதுகிறேன், ஆனால் அப்படிப் பொருள் கொண்டு யாரும் நடவடிக்கை எடுத்ததாகக் கேள்விப்படவில்லை. 1955-இல் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இயற்றிய சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, எந்தெந்த நிலத்துக்கு அது பொருந்தும் என்ற பட்டியல் மட்டும் தெளிவில்லாமல் இருப்பது வியப்புக்குரியது.

இந்தச் சட்டப் போராட்டம் முழுவதற்கும் நம் மாநிலத்தின் நீலகிரி மாவட்டக் கூடலூர்தான் பிறப்பிடம் என்பது பலருக்குத் தெரியாது. கேரளத்தின் நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் ஜன்ம உரிமையில், அதாவது பரம்பரை உடைமையில் இருந்த, ஏறத்தாழ எண்பதாயிரம் ஏக்கர் அளவிலான கூடலூர் நிலங்களை அரசு ஏற்பதற்கு 1969-இல் சட்டம் இயற்றப்பட்டது. வேளாண் சீர்திருத்தத்தோடு தொடர்பில்லாமல் காடுகளை மட்டும் எடுத்துக்கொள்வது செல்லாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1974-இல் அரசியலமைப்பைத் திருத்தி அச்சட்டத்தை, நீதிமன்ற ஆய்விலிருந்து சட்டங்களுக்குக் காப்பளிக்கும் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். அதை எதிர்த்த வழக்கில்தான் 2007-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று தீர்ப்பளித்தது. இறுதியில் 2010-இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று முடிவாயிற்று. காடு தனியாரிடம் இருக்கலாமா, அரசிடம் இருக்க வேண்டுமா என்று நாற்பது ஆண்டுகள் வாதாடிய காலம் முழுவதும் அங்கே மரங்கள் விழுந்துகொண்டிருந்தன. தம் குடும்பத்தின் பழைய காடுகள் அரசின் பொறுப்பில் வந்த பின் அழிவதைக் கண்டு பொறுக்காமல், கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். உரிமை மாறினால் காடு பிழைத்துவிடும் என்று எண்ணுவோர் அவர் வழக்குத் தொடுக்க நேர்ந்த காரணத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12-ஆம் நாள் பிறந்த ஆணையின் ஒரு பகுதியை நாடே அறியும்: காடு என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும், நிலம் யாருடையது என்பது பொருட்டல்ல என்பது. அதே ஆணையில் தமிழ்நாட்டுக்கென்று தனியே சில கட்டளைகள் இருப்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களில், நட்டு வளர்த்த நிழல் மரங்களை விதிப்படி வெட்டலாம், தானாக வளர்ந்தவற்றை வெட்டக் கூடாது. தோட்டப் பயன்பாட்டில் இல்லாமல் காடாகவே உள்ள பகுதிகளை மாநில அரசு இனங்காண வேண்டும். அப்பகுதிகளில் எந்த மரத்தையும் வெட்ட அனுமதிக்கலாகாது. காட்டைத் திருத்தித் தோட்டத்தை விரிவாக்கக் கூடாது. இதைவிடப் பொருத்தமான கட்டளையை யாரும் புதிதாக எழுதிவிட முடியாது. தோட்டத்துக்குள் காடு எது என்று இனங்காணும் அந்தப் பணியின் முடிவு, கிராமம் வாரியாகவும் புல எண் வாரியாகவும், வரைபடத்தோடு, எந்தக் குடிமகனும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும் என்பதே என் முதற்கோரிக்கை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன; அவசரப்படுத்துகிறேன் என்று யாரும் குறை கூற மாட்டார்கள்.

இதற்கு இப்போது கூடுதல் காரணமும் உண்டு. 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. காடாக அறிவிக்கப்பட்ட நிலத்துக்கும், அரசு ஆவணங்களில் காடு என்று பதிவான நிலத்துக்கும் மட்டுமே இனி அது பொருந்தும் என்னும் வகையில் அத்திருத்தம் அமைந்தது. பட்டா நிலத்தில், ஆவணத்தில் எங்கும் காடு என்று எழுதப்படாமல், உண்மையில் பழங்காடாக நிற்பவற்றின் நிலை என்ன என்று வழக்குகள் தொடரப்பட்டன. 2024 பிப்ரவரி 19-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் தத்தம் பதிவேடுகளை முடிக்கும் வரை 1996-இன் அகராதிப் பொருளையே பின்பற்ற வேண்டும் என்று இடைக்கால ஆணையிட்டது. அதாவது இன்று இக்காடுகளைக் காப்பது ஓர் இடைக்கால ஆணை. நாளை இறுதித் தீர்ப்பு எப்படி அமைந்தாலும், பதிவேட்டில் இடம்பெற்ற காடு பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இடம்பெறாத காட்டுக்காக வாதாட ஆவணம் இராது.

பதிவேடு தயாரிக்கச் செயற்கைக்கோள் படமே போதும் என்ற எண்ணம் சிலருக்கு இருக்கலாம். நாட்டின் வன நிலை அறிக்கை, ஒரு எக்டேருக்கு மேல் பரப்பும் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகையும் இருந்தால், நிலம் யாருடையதாயினும், மரம் எதுவாயினும், அதைக் காட்டுப் பரப்பாகக் கணக்கிடுகிறது. சில்வர் ஓக் நிழலில் உள்ள காப்பித் தோட்டமும், வெடிப்பலா நிற்கும் மழைக்காடும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். ஒன்று குறைந்து மற்றது கூடினால் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே தாவரவியல் தெரிந்தவர்களும், அந்தந்த மலையில் வாழும் காடர், மலசர், முதுவர் போன்ற பழங்குடியினரும், காட்டின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்த தோட்டத் தொழிலாளர்களும் கூட இருந்து, நடந்து பார்த்து எழுத வேண்டிய பதிவேடு இது. முன்கூட்டியே பட்டியல் வெளியானால் அதற்குள் வெட்டிவிடுவார்களே என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. பல ஆண்டுகளாகச் சேர்ந்துள்ள படங்கள் இருக்கின்றன. கடந்துபோன ஒரு நாளை அடிப்படை நாளாக அறிவித்து, அன்று நின்ற காடு இன்று இல்லையென்றால் உரிமையாளரே விளக்கம் தர வேண்டும் என்று விதித்தால் அந்த வழி அடைபடும்.

இப்போது உரிமையாளரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சூழலில் அக்கறையுள்ள நண்பர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று அறிவேன். ஒருவருடைய நிலத்தில் காடு இருக்கிறது. அவர் அதை வெட்டக் கூடாது, நடக் கூடாது, அனுமதியின்றி விற்கக் கூடாது. வரி கட்ட வேண்டும். தீ வராமல் காக்க வேண்டும். அதில் தங்கும் யானைக்கூட்டம் பாடியின் ரேஷன் கடைச் சுவரை இடித்தால் ஊராரின் கோபத்துக்கு ஆளாக வேண்டும். இதற்கு ஈடாக அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் 1971-இல் மலபார் பகுதித் தனியார் காடுகள் இழப்பீடின்றியே அரசுடைமையாயின. அதைக் கண்ட மலைப்பகுதி உரிமையாளர் எவரும், காட்டைக் காடாக வைத்திருப்பவன்தான் முதலில் நிலத்தை இழப்பான் என்ற பாடத்தையே படித்திருப்பார். தோட்டப்பயிர் நிலத்துக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டு. சும்மா நிற்கும் காட்டைத் தோட்டம் என்று காட்டிக்கொள்ள இதுவும் தூண்டுகிறது. அடிக்காட்டில் நான்கு வரிசை காப்பி போடுவதற்குப் பின்னால் விளைச்சல் ஆசை மட்டும் இல்லை, இந்தப் பயமும் இருக்கிறது.

அரசுக்குக் காட்டின் விலை தெரியாது என்றும் சொல்ல முடியாது. காட்டு நிலம் சுரங்கத்துக்கோ அணைக்கோ சாலைக்கோ கொடுக்கப்படும்போது, எக்டேருக்கு இவ்வளவு என்று நிகர நிகழ்கால மதிப்பு (அக்காடு இனித் தரக்கூடிய பயன்களின் இன்றைய விலை) வசூலிக்கப்படுகிறது. காட்டின் வகைக்கும் அடர்த்திக்கும் ஏற்ப 2008-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு விகிதங்களை ஏற்றது. அழிக்கும்போது இத்தனை இலட்சம் என்று மதிப்பிடப்படும் அதே காடு, அழியாமல் நிற்கும் ஆண்டுகளில் அதைக் காத்தவருக்கு ஒரு ரூபாயும் ஈட்டித் தருவதில்லை. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த முனைவது பாராட்டத்தக்கது. ஆனால் அதன் முதன்மைப் பணி கன்று வளர்ப்பதும் நடுவதும். மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டுப் பசுமை வரவு விதிகளும் நடவை மையமாகக் கொண்டே தொடங்கின. நட்டவருக்குப் பரிசு, வைத்திருந்தவருக்கு நோட்டீஸ் என்ற நிலை மாற வேண்டும்.

பிற நாடுகளில் வழி கண்டிருக்கிறார்கள். கோஸ்டா ரிக்கா 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடை செய்தது. அதே சட்டத்தின் கீழ், காட்டைக் காக்கும் தனியார் நில உரிமையாளருக்கு ஒப்பந்த அடிப்படையில் பணம் தரத் தொடங்கியது. எரிபொருள் வரியின் ஒரு பகுதி அதற்கு ஒதுக்கப்பட்டது. தடையும் கொடையும் ஒரே சட்டத்தில் இருப்பதால் உரிமையாளர் சட்டத்தைப் பகையாக எண்ண வேண்டியதில்லை. காட்டின் பெரும்பகுதி குடும்பங்களுக்குச் சொந்தமாக உள்ள பின்லாந்தில் 2008-இல் தொடங்கிய மெட்சோ திட்டத்தில், உரிமையாளரே முன்வந்து தம் காட்டைத் தருகிறார்; நிரந்தரமாகவோ குறித்த ஆண்டுகளுக்கோ அதை வெட்டாமல் வைப்பதற்கு மரத்தின் மதிப்பை அரசு ஈடு செய்கிறது. நம் நாட்டில் இதற்கு அடித்தளமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-சி பிரிவு, தனியார் தாமாக முன்வந்தால் அவருடைய நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்க வழி செய்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அத்தகைய நிலத்தின் நிர்வாகக் குழுவில் உரிமையாளரும் வனத்துறையினரும் உள்ளாட்சி அல்லது பழங்குடிப் பிரதிநிதியும் அமர்வர். நிலம் கைவிட்டுப் போவதில்லை. அதன் பயன்பாட்டை மட்டும் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இன்றி மாற்ற முடியாது. இவ்வழியில் முன்வரும் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் எக்டேர் கணக்கில் ஒரு தொகையையும், நிலவரி விலக்கையும் மாநில அரசு அறிவித்தால், உடன்படக் காத்திருக்கும் நிர்வாகங்கள் உண்டு. அந்தத் தொகையில் ஒரு பங்கு நாற்றங்காலிலும் களை அகற்றுவதிலும் வேலை செய்யும் தொழிலாளர்களின் கூலியாகப் போக வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். கொழுந்து குறைந்த மாதங்களில் அந்தக் கூலி பாடிகளுக்கு உதவும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவை எவையும் கூடலூரில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 17-க்குள் வரும் நிலங்களில் பட்டாவுக்காகக் காத்திருக்கும் சிறு குடியிருப்பாளர்களுக்கு எதிராகப் பயன்படலாகாது. அங்கே அரை ஏக்கரில் குறுமிளகும் தேயிலையும் வைத்திருக்கும் குடும்பங்களும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரும், அவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே வாழும் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் மக்களும் இருக்கிறார்கள். காட்டின் பெயரால் மின் இணைப்பு கிடைக்காமல், வீட்டைச் செப்பனிட முடியாமல் தவிப்போரிடம் பழங்காட்டின் அருமையைப் பேசுவது முறையன்று. நூற்றுக்கணக்கான ஏக்கர் காட்டைத் தம் எல்லைக்குள் வைத்திருக்கும் பெருந்தோட்டங்களின் கணக்கு வேறு, இவர்களுடைய கணக்கு வேறு. இரண்டையும் ஒரே கோப்பில் கட்டியதால்தான் கூடலூரில் எதுவும் நகரவில்லை.

கடைசியாக, கைமாறுதல் பற்றி. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை விற்க முன் அனுமதி வேண்டும் என்கிறது. ஆனால் பெருந்தோட்டம் இன்று பத்திரம் எழுதிக் கைமாற வேண்டிய அவசியமில்லை. தோட்டத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் போதும்; நிலம் பழைய பெயரிலேயே இருக்கும், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு யாரும் போக வேண்டியதில்லை, முன் அனுமதி என்ற கேள்வியும் எழாது. எனவே பாதுகாப்பு நிபந்தனை உரிமையாளரின் பெயரோடு ஒட்டாமல் நிலத்தோடு ஒட்ட வேண்டும். இனங்காணப்பட்ட ஒவ்வொரு காட்டுத் துண்டும் சிட்டாவிலும் அடங்கலிலும் வில்லங்கச் சான்றிலும் காடு என்றே தோன்ற வேண்டும். தோட்டத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் பங்கு வாங்கும் முதலீட்டாளரும் அதைப் பார்த்துவிட்டே விலை பேச வேண்டும். அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துள்ள தோட்டங்களில் இதைச் செய்வது இன்னும் எளிது. குத்தகையைப் புதுப்பிக்கக் கோரும் விண்ணப்பம் வரும்போது, உள்ளே உள்ள காட்டின் வரைபடத்தை இணைக்கச் சொல்லி, அதில் அடிக்காடு அழிக்கப்படக் கூடாது என்பதை நிபந்தனையாக எழுதினால் போதும். அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. வருவாய்த் துறையின் ஓர் ஆணையே போதுமானது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் களப்பணியாளர் ஒருவர்,
வால்பாறை.